எறும்பு குடியேறாத உரத்தொட்டி எது? நெல்லை வெயிலுக்கு நான்கு தொட்டிகளும் சில எறும்பு மருந்துகளும்

உரத்தொட்டி விற்கிறவர்கள் எறும்பைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். நாற்றம் வராது, ஈ மொய்க்காது, அடுப்படிக் கழிவு இத்தனை நாளில் உரமாகிவிடும் என்று அட்டைப்பெட்டி மேல் வரிவரியாக அச்சடித்திருக்கும். எறும்பு என்ற சொல் மட்டும் அதில் இருக்காது. வாங்கிப் புறவாசலில் வைத்து, இரண்டு மாதம் கழித்து ஒரு காலை வெயிலில் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மூடியின் உள்விளிம்பில் குறுணை அரிசியைச் சிந்தினாற்போல வெள்ளையாக ஒரு திட்டு இருக்கும். வெளிச்சம் பட்ட மறுகணம் அந்த அரிசிக்குக் கால் முளைத்துவிடும். ஆளுக்கொன்றாகக் கவ்விக்கொண்டு எறும்புகள் இருட்டைத் தேடி ஓடும். எறும்பு முட்டை என்று நாம் சொல்வது பெரும்பாலும் முட்டையே அல்ல, அதன் புழுவும் கூட்டுப்புழுவும்தான். நிஜ முட்டை ஒரு புள்ளி அளவுதான் இருக்கும். வெயில் ஏற ஏறக் குஞ்சுகளைக் கதகதப்பான மேல்பக்கத்துக்குக் கொண்டுவந்து வைப்பது எறும்பின் வழக்கம். அதற்கு மூடியின் அடிப்பக்கத்தைவிட வசதியான தொட்டில் கிடையாது.

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் வட்டாரத்தில் வீட்டுக்கென்று வாங்கக் கிடைப்பவை நான்கு: துளை போட்ட நீல டிரம், அடுக்கு மண்தொட்டி, சிமெண்ட் உறை (கிணற்றுக்கு இறக்கும் வளையம்), மண்புழுப் படுக்கைப் பை. எறும்பு குடியேறுமா, குடியேறினால் கிளப்ப முடியுமா என்ற ஒரே கேள்வியை வைத்து நான்கையும் பார்க்கலாம். எறும்புக்கென்று கடையில் கொடுக்கும் சாமான்களையும் சேர்த்தே பார்க்கலாம், ஏனென்றால் காசு அதிகம் வீணாவது அதில்தான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மண் தரை உள்ள தனிவீட்டுக்கு உறை, மாடிவீட்டுக்குக் கால் வைத்த டிரம். மருந்துக்கு ஆகும் காசைத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குக் கொடுத்துவிடலாம்.

ஏன் வருகிறது

தின்ன வரும் எறும்பு வேறு, குடியிருக்க வரும் எறும்பு வேறு. தின்ன வருவது வரிசையாக வந்து வரிசையாகப் போகும், கழிவு தீர்ந்தால் வரிசையும் தீரும். குடியிருக்க வந்தது குப்பைக்குள் சலித்த மண்போலப் பொடிப்பொடியாகக் கொட்டி வைத்திருக்கும், கையை விட்டால் அந்த இடம் கலகலவென்று இருக்கும். குடியிருக்க அதற்குத் தேவை காய்ந்த இடம், மிதமான சூடு, கிளறாத நிம்மதி. நன்றாக வேகிற குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். அங்கே எந்த எறும்பும் குஞ்சு பொரிக்காது. குவியலில் 50 முதல் 60 சதவீதம் ஈரம் இருந்தாலும் பாதை சரிந்துகொண்டே இருக்கும், கூடு நிலைக்காது. ஆகவே, எறும்பு வந்ததால் உரம் கெட்டது என்பது தலைகீழ்க் கணக்கு. ஈரம் போய் வேக்காடு நின்றதால்தான் எறும்பு வந்தது.

ஈரம் பார்க்க மீட்டர் வேண்டாம். ஒரு சாண் ஆழத்தில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்துபோனால் அது உரத்தொட்டி அல்ல, எறும்புக்கு வாடகையில்லா வீடு.

நம் பக்கத்தில் இது உதிர்ந்துபோவதற்கு இரண்டு காலம் உண்டு. ஒன்று சித்திரை வெயில், எல்லோருக்கும் தெரியும். மற்றது ஆனி முதல் ஆவணி தாண்டி வீசும் மேல்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் மேல் அடிக்கிற அந்தக் காற்று காலையில் நனைத்த குப்பையைச் சாயங்காலத்துக்குள் அப்பளமாக்கிவிடும். வெயிலைப் பார்த்துத் தண்ணீர் தெளிப்பவர்கள் காற்றைப் பார்த்துத் தெளிப்பதில்லை, வானம் மூடியிருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். ஆடியில் எறும்புத் தொல்லை கூடுவது இதனால்தான். குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் அதே மாதங்களில் கதையே வேறு. சாரலில் குவியல் ஊறிக் கிடக்கும், எறும்பு மேலே ஏறி மூடிக்கடியிலும் ஓலைக்கடியிலும் ஒதுங்கும். 'எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை பெய்யும்' என்கிறார்களே, ஐப்பசியில் நம் தொட்டிதான் அந்தத் திட்டை.

இழுக்கும் தீனி எது என்பதும் ஊரைப் பொறுத்ததுதான். சொதிக்குப் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையில் எண்ணெய்ச் சத்து அப்படியே இருக்கும். அதை மேலாகப் போட்டால் அரைமணியில் வரிசை வந்துவிடும். கருப்பட்டி கரைத்து வடிகட்டிய கசடு, அல்வா வாங்கி வந்த இலையும் தாளும், மாம்பழக் கொட்டை, தின்றுபோட்ட நுங்குத் தோல் ஆகியவற்றையும் அப்படியே விடக்கூடாது. போடவே கூடாது என்பதில்லை. போட்டதும் நாலு விரற்கடை கனத்துக்கு நனைந்த சருகால் மூடினால் போதும்.

எந்த எறும்பு

எல்லா எறும்பும் ஒன்றல்ல, ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியமும் அல்ல. கறுப்பாகச் சிறியதாக ஓடும் பிள்ளையார் எறும்பு கடிக்காது, இனிப்புக்கு வருவது. அதை விட்டுவிடலாம். கட்டெறும்பு பெரும்பாலும் மரத்து மூட்டிலும் மண்ணிலும் கூடு கட்டும், தொட்டிக்கு இரை தேடி மட்டும் வரும். மாமரத்து முசுறு இலையைப் பின்னிக் கூடு கட்டுவது, அது குப்பையில் குடியேறாது. மரத்தடியில் தொட்டி இருந்தால் தலையில் விழும், அவ்வளவுதான். தொல்லை என்றால் செம்பழுப்பு நிறத்தில் பொடியாக இருக்கும் நெருப்பெறும்புதான். இனிப்பைவிட எண்ணெய்ச் சத்தையும் விதையையும் செத்த பூச்சியையும் அதிகம் தேடும். கையை வைத்தால் கூட்டமாக ஏறிக் கொடுக்கால் கொட்டும், எரியும், தடிக்கும். கொட்டு வாங்கியவருக்கு மூச்சு இறைத்தாலோ முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2022இல் திண்டுக்கல் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் ஆடு மாடுகளை வாட்டியதாகச் செய்தியில் அடிபட்டது மஞ்சள் பைத்தியக்கார எறும்பு. கால் நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு, தறிகெட்டு ஓடும். கொட்டாது, ஆனால் அமிலம் பீய்ச்சும். அதுவும் சருகுக்கடியில் தங்கக்கூடியதே. குப்பையில் கூட்டங்கூட்டமாக இதைக் கண்டால் அந்த உரத்தை வேறு தோட்டத்துக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

கறையானை எறும்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெள்ளையாக, மண்குழாய் கட்டிக்கொண்டு, அட்டையையும் பனையோலையையும் அரித்தால் அது கறையான். எறும்பு அதற்கு எதிரி.

இப்போது தொட்டிக்கு வருவோம்

நீல டிரம் என்பது 200 லிட்டர் கொள்ளளவுள்ள பழைய பிளாஸ்டிக் பீப்பாய். பக்கத்தில் துளை, அடியில் குழாய், மேலே மூடி என்று மாற்றித் தருகிறார்கள். பழைய டிரம் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிமருந்தோ அமிலமோ வந்த டிரம் என்றால் விலை எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம். பிளாஸ்டிக் என்பதால் காற்றில் காயாது, அது நல்ல குணம். ஆனால் ஈரம் சமமாக நிற்காது. அடியில் சொதசொதவென்று கிடக்கும், மேலே ஒரு சாண் வறண்டிருக்கும். எறும்பு அந்த மேல் சாணைத்தான் பிடிக்கிறது. துளைக்குக் கொசுவலை ஒட்டித் தந்துவிட்டு 'பூச்சி புகாது' என்பார்கள். கொசுவும் ஈயும் புகாது, சரி. சின்ன எறும்புக்கு அந்தக் கண்ணே பெருவாசல்.

டிரம்மின் பெரிய வசதி, அதைத் தரையிலிருந்து பிரித்துவிடலாம். செங்கல் மேல் வைத்தால் பிரித்ததாகாது, எறும்புக்குப் படிக்கட்டு கட்டிக்கொடுத்ததாகும். வெல்டிங் பட்டறையில் ஓரடி உயரத்துக்கு நாலுகால் இரும்பு ஸ்டாண்ட் அடித்து, ஒவ்வொரு காலையும் ஒரு லிட்டர் பெயிண்ட் டப்பாவுக்குள் நிறுத்தி, டப்பாவில் முக்கால் அளவு தண்ணீரும் மேலே ஒரு கரண்டி எண்ணெயும் விடுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் டெங்குக் கொசுவை நீங்களே வளர்த்த மாதிரி. வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். டிரம் சுவரில் ஒட்டக்கூடாது, கொடிக்கயிறு தொடக்கூடாது, வாழையிலை சாய்ந்து மேலே கிடக்கக்கூடாது. மூன்றில் ஒன்று இருந்தாலும் டப்பாத் தண்ணீருக்கு வேலை இல்லை. காலில் கிரீஸ் தடவுகிறவர்களும் உண்டு. மேல்காற்றில் புழுதி ஒட்டி நாலு நாளில் அது தார்ரோடு ஆகிவிடும்.

அச்சில் மாட்டிச் சுழற்றும் டிரம் ஒன்று வருகிறது. எறும்பு விஷயத்தில் மட்டும் பார்த்தால் இதற்குத்தான் முதல் மார்க். இரண்டு நாளுக்கொருமுறை சுழலும் வீட்டில் யார் குடியிருப்பார்? ஆனால் இதன் கொள்ளளவு பெரும்பாலும் குறைவு. 3 அடிக்கு 3 அடிக்கு 3 அடிக்குக் குறைந்த குவியல் நன்றாகச் சூடு பிடிக்காது என்பது பொதுக் கணக்கு. ஆகவே இதில் உரம் மெதுவாகத்தான் ஆகும், களை விதையும் சாகாது. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் உள்ளே புரளாமல் ஒரே கட்டியாகச் சுற்றும். அச்சுத் துரு பிடித்தால் சுழற்றுவதையே நிறுத்திவிடுவோம், அன்றிலிருந்து அது சாதாரண டிரம்தான்.

அடுக்கு மண்தொட்டி பார்க்க அழகு. மூன்று பானை, ஒன்றன்மேல் ஒன்று, பக்கத்தில் துளை, திண்ணையில் வைத்தால் கோலம் மாதிரி இருக்கும். நம் ஊருக்கு இது தோற்ற சாமான் என்பதே எங்கள் கணிப்பு. மண்பானையில் தண்ணீர் குளிர்வது எதனால்? ஈரம் சுவர் வழியாகக் கசிந்து ஆவியாவதால். அதே காரியம் இங்கே உரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பெங்களூர் மாதிரிக் குளுமையான ஊருக்கு ஏற்ற வடிவத்தை ராதாபுரத்துக் காற்றில் வைத்தால் ஆடிக்குள் எறும்புப் புற்றுதான். மண்தொட்டிதான் வேண்டும் என்றால் காருக்குறிச்சிப் பக்கத்துக் குயவர்களிடம் பக்கத்துளை இல்லாமல், அடியில் மட்டும் நாலைந்து துளையோடு, வாய் அகலமாகச் சொல்லிச் செய்துகொள்ளலாம். நிழலில் வைத்து வெளிப்பக்கம் ஈரச்சாக்கு சுற்றினால் ஓரளவு தாங்கும்.

உறைக்கு வருவோம். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இறக்குகிற அதே சிமெண்ட் உறைதான். 3 அடி விட்டம், ஓரடி உயரம். கணக்குப் போட்டால் ஒரு உறை ஒரு நீல டிரம் கொள்ளும், அதாவது 200 லிட்டர். மூன்று உறை அடுக்கினால் 600 லிட்டர், சூடு பிடிக்கப் போதுமான அளவுக்குக் கிட்டத்தில் வந்துவிடுகிறது. கனத்துக்குத் தக்கபடி ஒன்று 80 முதல் 100 கிலோ இருக்கும். தூக்க முடியாது, உருட்டித்தான் கொண்டுபோக வேண்டும். இடம் மாற்றும் யோசனை உள்ளவர்கள், வாடகை வீட்டுக்காரர்கள் வாங்க வேண்டாம். துரு இல்லை, வெயிலில் வெடிப்பு இல்லை, தடித்த சுவர் என்பதால் ஈரமும் மெல்லத்தான் போகும்.

இதற்கு அடி கிடையாது என்பதைக் குறையாகவும் சொல்லலாம், நிறையாகவும் சொல்லலாம். எறும்பு தரைவழியாகத் தாராளமாக வரும், டப்பாத் தண்ணீர் வித்தை இங்கே நடக்காது. ஆனால் அதே அடிவழியாக அதிகத் தண்ணீர் வடிந்துபோகும், மண்ணிலிருக்கும் புழு மேலே ஏறும், தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் குவியல் எளிதில் அழுகாது. எறும்பை விரட்டும் சாமான் தண்ணீர் என்றால், தண்ணீரைத் தாராளமாக விட முடிகிற தொட்டியே ஜெயிக்கும்.

இறக்கும் விதம் முக்கியம். கரிசல் மண்ணில் தரையை நாலு விரற்கடை மேடாக்கி வையுங்கள், இல்லாவிட்டால் மழையில் தண்ணீர் வடியாமல் நிற்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணில் அப்படியே வைத்தால் விட்ட தண்ணீர் எல்லாம் மணல் குடித்துவிடும், உறையின் அடிவிளிம்பை ஒட்டி நெருப்பெறும்பு வளை தோண்டும். அங்கே அரையடி தோண்டி உறையை உட்கார வைப்பது நல்லது. எந்த மண்ணானாலும் அடியில் கல்லோ ஓட்டுத்துண்டோ பரப்ப வேண்டாம், கல்லுக்கடியில் காய்ந்த இடுக்கு எறும்புக்குப் பிடித்த அறை. பதிலாக ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்த கதம்பையை (தேங்காய் மட்டையை), குழிவு மேலே இருக்கும்படி, ஒரு வரிசை அடுக்குங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக் கீழிருந்து ஈரம் கொடுக்கும்.

அதன்மேல் ஒரு கடவப்பெட்டி (பனையோலைப் பெட்டி) அடுப்படிக் கழிவுக்கு இரண்டு கடவப்பெட்டி சருகு என்ற அளவில் மாற்றி மாற்றிப் போடலாம். வேப்பஞ்சருகு, வாழைச்சருகு, பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து கிடைக்கிற வைக்கோல் எதுவானாலும் சரி. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்: சருகைக் காய்ந்தபடி போட்டு மேலே தண்ணீர் தெளிக்கிறார்கள். காய்ந்த சருகும் தென்னை நார்க்கழிவும் முதலில் தண்ணீரை ஒட்டவிடாது. ஊற்றியது ஓரமாக வழிந்து அடியில் போய்விடும், மேலே நனைந்தமாதிரி தெரியும், நடுவில் தீக்குச்சி கிழித்தால் பற்றும். சருகை முந்தின நாள் இரவே வாளியில் அமுக்கி ஊறவைத்து, வடித்துப் போட வேண்டும். அடுக்குக்கு அடுக்கு ஒரு செம்பு சாணிக்கரைசல், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ சாணி. மேலே நனைத்த சாக்கு, அதன்மேல் கிழிந்த கோரைப்பாய் (பத்தமடைப் பாயைக் கேட்கவில்லை, எது கிழிந்து கிடக்கிறதோ அது). பாய் காற்றைத் தடுக்கும், மூடிக்கடியில் உண்டாகும் காய்ந்த வெற்றிடமும் இல்லாமல் போகும்.

உறைக்கு உறை நடுவே காற்றோட்டத்துக்கென்று ஓட்டுச்சில்லு வைத்து இடைவெளி விடச் சொல்வார்கள். மழைக்காலத்துக்கு நல்லது. மேல்காற்றுக் காலத்தில் அந்த இடைவெளியில் ஈரக் கதம்பை நாரைத் திணித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்புக்கு ஜன்னல் வைத்த மாடிவீடு.

மண்புழுப் படுக்கைப் பையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற மூன்றில் எறும்பு தொல்லை மட்டுமே, இதில் அது நாசம். எறும்பு புழுவைத் தின்னும். நெருப்பெறும்பு புகுந்த படுக்கையில் போட்ட புழு மிஞ்சும் என்று எதிர்பார்க்கக்கூடாது. பை வாங்குவதானால் ஐஎஸ் 15907 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகைப் பைகளுக்கென்றே உள்ள தர அளவு அது. வழக்கமான அளவு 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம், வீட்டுக்கு இதில் பாதி போதும். கம்பு நுழைக்கத் தைத்திருக்கும் பக்கப்பைகளை வாரம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் படாத, நிழலான, யாரும் தொடாத இடம் படுக்கையிலேயே அது ஒன்றுதான், கூடு அங்கேதான் தொடங்கும். சுற்றிலும் நாலங்குல அகலம், மூன்றங்குல ஆழத்தில் சிமெண்ட் வாய்க்கால் கட்டித் தண்ணீர் நிறுத்துவதுதான் நம்பகமான காவல். கட்டியும் எறும்பு வருகிறதென்றால் மேலே பாருங்கள். கூரைக்கு வேய்ந்த ஓலையின் நுனி சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இந்தப் பையைத் தாழ்வான இடத்தில் விரிக்கக் கூடாது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால் அதை விடுகிறோம். புழு வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல சாமான். அடுப்படிக் கழிவைக் கொட்ட ஓர் இடம் வேண்டும் என்று மட்டும் நினைப்பவர்களுக்கு வேண்டாம்.

கடையில் கொடுக்கும் மருந்துகள்

எறும்புக்கு மருந்து என்று கேட்டால் கடைக்கார அண்ணாச்சி முதலில் எடுப்பது சாக்பீஸ் அல்லது பொடி. பெரும்பாலும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகைப் பூச்சிக்கொல்லி. வீட்டு வாசற்படியில் கோடு போடலாம், உரத்தில் போட வேண்டாம். மேலே நடமாடும் எறும்பைக் கொல்லும், ராணி இருக்கும் ஆழத்துக்குப் போகாது. மண்புழுவுக்கும் குப்பையை மக்கவைக்கும் சிற்றுயிர்களுக்கும் ஆகாது, கடைசியில் அந்த உரம் போகப்போவது உங்கள் கீரைப் பாத்திக்கு. இன்னும் சிலர் பழக்கதோஷத்தில் 'பிஎச்சி பொடி' என்ற பழைய பூச்சிக்கொல்லியைக் கேட்கிறார்கள். அதற்கு 1997லேயே நாட்டில் தடை வந்துவிட்டது. அந்தப் பெயரில் யாராவது எதையாவது பொட்டலம் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

மஞ்சள் தூள் வாசனைக்கு எறும்பு விலகும், பனி விழுந்தால் கோடு அழியும். கிலோ கணக்கில் தூவுவது குழம்புக்குச் செய்யும் துரோகம். சுண்ணாம்பு அதைவிட மோசம். குப்பையில் கலந்தால் புளிப்பைக் குறைத்துத் தழைச்சத்தை அம்மோனியாவாகக் காற்றில் ஏற்றிவிடும். மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் உங்கள் உரம்தான் பறந்துபோகிறது என்று பொருள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு மூன்றும் 100 கிராம் வீதம் எடுத்து, கொஞ்சம் சோப்புத்தூளோடு 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றும் முறை மண்புழுக்காரர்களிடம் புழக்கத்தில் உண்டு. படுக்கைக்கு வெளியே தரையில் சுற்றி ஊற்ற மட்டுமே அது. உள்ளே ஊற்றினால் உப்பும் சோப்பும் எறும்புக்கு முன்னால் புழுவை முடித்துவிடும்.

வேப்பம் புண்ணாக்குக்குக் காசு கொடுக்கலாம். எறும்பைக் கொல்லாது, ஆனால் கூடு கட்டப் பிடிக்காத இடமாக்கும். கூடவே தழைச்சத்து சேர்வதால் நின்றுபோன குவியல் மறுபடி சூடு பிடிக்கவும் உதவும். ஒரு உறை அளவுக்கு அரைக்கிலோவைப் பொடித்து அடுக்குகளில் தூவினால் போதும். புழுப் படுக்கையில் ஒரு கையளவோடு நிறுத்துங்கள். எண்ணெய் பிழிந்த புண்ணாக்கா, வெறும் கொட்டைத்தோலை அரைத்த பொடியா என்று மோந்து பாருங்கள். கசப்பு வாடை தொண்டைக்கு எட்ட வேண்டும்.

கூட்டையே ஒழிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் போரிக் ஆசிட் தீனி ஒன்றுதான் உருப்படி. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, ஒரு கிராம் போரிக் ஆசிட். 'இன்னும் கொஞ்சம் போட்டால் சீக்கிரம் சாகுமே' என்று கூட்டுகிறவர்கள்தான் தோற்கிறார்கள். கடுமையாக்கினால் தின்ற எறும்பு வழியிலேயே சாகும், ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்ட வீடுபோய்ச் சேராது. மெல்லக் கொல்வதில்தான் விஷயம் இருக்கிறது, இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பஞ்சில் நனைத்து, துளையிட்ட சின்ன டப்பாவில் மூடி, எறும்பு போகும் வரிசையில், தொட்டிக்கு வெளியே வையுங்கள். குழந்தை, கோழி, ஆடு எட்டாத இடமாக இருக்க வேண்டும். கேரம் போர்டில் போடும் பவுடர் போரிக்தானே என்று அதைக் கரைப்பவர்கள் டப்பாவைப் படித்துவிட்டுக் கரைக்கவும், எல்லாப் பவுடரும் போரிக் அல்ல. சர்க்கரைத் தீனி பிள்ளையார் எறும்பு வகைக்குத்தான் சரியாகப் பிடிக்கும். எண்ணெய்ச் சத்து தேடும் நெருப்பெறும்பு பல நேரம் அதைச் சீண்டாது.

குடியேறிவிட்டதென்றால்

நெருப்பெறும்பு என்றால் முழங்கை வரை கையுறை, கையுறையின் வாயில் ரப்பர் வளையம், காலில் பூட்ஸ். வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். முதலில் கிளறக்கூடாது. கடப்பாரையால் ஓரடிக்கு ஒன்றாக அடிவரை குத்தித் துளை போட்டு, துளைவழியாகத் தண்ணீர் விடுங்கள். மூன்றடிக் குவியல் உதிரும் அளவுக்குக் காய்ந்திருந்தால் அதற்கு ஐந்தாறு குடம் தண்ணீர் பிடிக்கும். ஒரே நாளில் கவிழ்த்தால் அடியில் வழிந்துவிடும். காலையும் மாலையும் ஒரு குடமாக மூன்று நாள் விட வேண்டும். இரண்டாம் நாளே குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு இடம் மாறுவது தெரியும். நாலாம் நாள் மம்பட்டியால் ஓரத்தை நடுவுக்கும் நடுவை ஓரத்துக்கும் புரட்டி, புதுச் சாணிக்கரைசல் ஒரு வாளி, பச்சைத் தழை இரண்டு கடவப்பெட்டி சேர்த்து மூடிவிடுங்கள். தழைச்சத்து கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் கையை வைத்தால் சுடும். சுடாவிட்டால் ஈரம் போதவில்லை அல்லது குவியல் சிறிது, மறுபடி பிழிந்து பார்க்க வேண்டும். கிளம்பின எறும்பு உறைக்கு வெளியே தரையில் வளை போட்டால், அந்த வளைக்கு ஒரு பெரிய பாத்திரம் கொதிநீர் போதும். அதைச் செடி மூட்டுக்கு அருகிலும் தொட்டிக்கு உள்ளேயும் ஊற்ற வேண்டாம். பிறகு பத்து நாளுக்கொரு புரட்டல், மேல்காற்றுக் காலத்தில் நாளைக்கு அரைக்குடம்.

உரம் முதிர்ந்து, கறுத்து, மண்வாசனை வந்தபின் எறும்பு குடியேறினால் பதற்றமே வேண்டாம். முதிர்ந்த உரம் சூடும் ஆறி ஈரமும் குறைந்து இருப்பதால் எறும்பு வருவது இயல்பு, உரத்தின் சத்தை அது தின்றுவிடாது. பூந்தொட்டிக்குப் போடுவதானால் மட்டும் கவனம் தேவை. கூட்டோடு தொட்டிக்குள் போன எறும்பு செம்பருத்தியில் மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் காவல் நின்று வளர்க்கும், அதன் தேன் போன்ற கழிவுக்காக. ஆகவே உரத்தை அள்ளிச் சாக்கில் இரண்டங்குலக் கனத்துக்குப் பரப்பி, ஒரு ஓரம் வெயிலிலும் மறு ஓரம் நிழலிலும் இருக்கும்படி அரை நாள் விடுங்கள். மறைவு போய்விட்டதால் குஞ்சைத் தூக்கிக்கொண்டு அதுவே இறங்கிப் போய்விடும். பிறகு சலிக்கலாம். முருங்கை மூட்டுக்கோ வாழைக்கோ தென்னைக்கோ போடுவதாக இருந்தால் இந்த வேலையும் தேவையில்லை, எறும்போடு அள்ளிக் கொட்டி மண் அணைத்துவிடலாம்.